படம் வரையிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டா?



டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் படிப்புகளைப் பற்றி இந்தப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகின்றோம். லயத்துச் சுவரில் கரித்துண்டால் மாடு வரைகின்ற பிள்ளையைப் பற்றி எழுதுவது குறைவு. அப்படியான பிள்ளை ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கின்றது. ரத விழாவுக்குத் தோரணம் எழுதவும், காமன் கூத்துக்கு வேஷம் பூசவும், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்கவும் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் "படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்டு அதே பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பி விடுவார்கள்.

அண்மையில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் சாதாரண தரத்தில் சித்திர பாடம் எடுத்து நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறான். அவருடைய தங்கை குடும்பம் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் குடியேறியது. தங்கச்சி மகளுக்கும் படம் வரைவதில்தான் ஆசை. "ரெண்டு பிள்ளையும் ஒரே கேள்வி கேக்குதுங்க. படம் வரையிறதுக்குன்னு பெரிய படிப்பு இருக்குதாங்களே, அது நெசமா? எங்க படிக்கிறது? எவ்வளவு செலவு? முடிச்சா என்னா வேலை?" என்று அந்தத் தாய் கேட்டிருந்தார்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

மலையும் மூதூரும்

தலவாக்கலையில் ஓடுகின்ற கொத்மலை ஓயா மகாவலி கங்கையில் சேர்கின்றது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கின்றது. நம்முடைய மலையில் பெய்த மழைதான் கடைசியில் அந்த ஊருக்குப் போய்ச் சேருகின்றது. தண்ணீர் மட்டுமல்ல, நம்முடைய ஆட்களும் போனார்கள். 1977 வன்செயலுக்குப் பின் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கங்களுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. ஆகவே மூதூர்ப் பிள்ளையின் கேள்வி நமக்கு அந்நியமான கேள்வி அல்ல.

படம் வரைதலைப் பற்றிப் பேசுவதற்கு மூதூர் பொருத்தமான ஊர். 1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் தங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து இறங்கிய சிலரைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் 19 வயது ரொபர்ட் நொக்ஸ். அவர்கள் இருந்ததாகச் சொல்லப்படும் புளியமரத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று மூதூரில் இன்றும் சொல்வார்கள். ஏறக்குறைய 19 ஆண்டு கண்டி இராச்சியத்தில் இருந்து 1679 இல் தப்பிப் போன நொக்ஸ், 1681 இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அதில் படங்களும் உண்டு. உழவன், யானை, அரசன் என்று எல்லாம் இருக்கின்றன. அவை இலண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடிக்கப்பட்டவை. இலங்கையைக் கண்ணால் கண்டவர் எழுதினார், காணாதவர் வரைந்தார். ஐரோப்பியர் பலர் நம் நாட்டு ஆட்களின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

நமக்கும் இதே கதைதான். தோமஸ் லிப்டன் 1890 இல் இங்கே தோட்டங்களை வாங்கிய பின், தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படம் உலகம் முழுக்கப் போனது. படத்தில் அந்தப் பெண் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள். மழையில் நனைந்த கம்பளியும் அட்டைக் கடியும் மடுவத்தில் தராசைப் பார்த்து நிற்கின்ற முகமும் அந்தப் படத்தில் இராது. நம்மைப் பிறர் நூறு ஆண்டுக்கு மேலாக வரைந்துவிட்டார்கள். நாமே நம்மை வரைவதற்குப் படித்த பிள்ளைகள் வேண்டும். அதனால்தான் இந்தப் படிப்பைப் பொழுதுபோக்கு என்று தள்ளி வைக்கக் கூடாது என்கின்றோம்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு இடங்கள் உண்டு.

முதலாவது மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். காரைதீவில் 1892 இல் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, 1947 இல் காலமான சுவாமி விபுலாநந்தரின் பெயரில் அமைந்தது. 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இங்கே இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புலக் கலையும் ஒரு பட்டப்படிப்பு. 'கட்புலக் கலை' என்றால் கண்ணால் பார்த்து அனுபவிக்கின்ற கலை: ஓவியம், சிற்பம், அச்சுப்படம், வடிவமைப்பு முதலியன.

இரண்டாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1974 இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரிலான ஆற்றுகை, கட்புலக் கலைகள் பீடம் மருதனார்மடத்தில் இருக்கின்றது. அங்கே சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக உண்டு.

கொழும்பில் 2005 இல் தனிப் பல்கலைக்கழகமாக்கப்பட்ட கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. அங்கே பெரும்பாலும் சிங்கள மொழியில்தான் படிப்பு நடக்கும். சிங்களத்தில் எழுதிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அதையும் யோசிக்கலாம்.

திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கின்றதே, மூதூர்ப் பிள்ளை அங்கே படிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்த வளாகத்தில் விஞ்ஞானம், வணிகம், தொடர்பாடல், சித்த மருத்துவம் போன்றவைதான் உண்டு. ஓவியத்துக்கு மூதூர்ப் பிள்ளை மட்டக்களப்புக்குத்தான் போக வேண்டும். முன்பு அந்தப் பாதையில் துறைக்குத் துறை பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. மூதூரிலிருந்து வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பாதையிலும் அதன் பின் பாலங்கள் போடப்பட்டன. இப்போது பஸ்ஸில் நேராகப் போகலாம். மலையகப் பிள்ளைக்குத்தான் பயணம் தூரம். யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போவதென்றால் பொல்கஹவெலயில் இறங்கி மாற வேண்டும். தவணைக்கு ஒரு முறை வந்து போவதாக நினைத்துத் திட்டம் போட வேண்டும்.

எப்படிச் சேர்வது?

இங்கேதான் பல பிள்ளைகள் தடுக்கி விழுகின்றார்கள். ஆகவே கவனமாக வாசியுங்கள்.

ஒன்று. சாதாரண தரத்தில் அழகியல் பாடமாகச் சித்திரத்தை எடுப்பது நல்லது. தோட்டப் பாடசாலையில் சித்திர ஆசிரியர் இல்லாவிட்டால், பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாற்றி விடுவதைக் காண்கின்றோம். அப்படிச் செய்ய முன் பெற்றோர் அதிபரைச் சந்தித்துப் பேச வேண்டும். பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் கிழமைக்கு ஒரு நாள் வந்து உதவ முடியுமா என்று கோட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

இரண்டு. உயர்தரத்தில் கலைப் பிரிவில் சேர்ந்து மூன்று பாடங்களில் ஒன்றாகச் சித்திரத்தை எடுக்க வேண்டும். எல்லாப் பாடசாலையிலும் உயர்தரத்தில் சித்திரம் இல்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, அந்தப் பாடம் எந்தப் பாடசாலையில் இருக்கின்றது என்று விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் இடம் கிடைக்காது.

மூன்று. மூன்று பாடமும் சித்தியடைந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் எடுத்திருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதன் பின் இசட் புள்ளியும் பார்ப்பார்கள். ஆகவே "எனக்குப் படம்தானே, மத்தப் பாடம் எதுக்கு?" என்று பிள்ளை சொன்னால் இடங்கொடுக்க வேண்டாம். தமிழும் வரலாறும் புவியியலும் சேர்ந்துதான் பிள்ளையைத் தூக்கி விடும்.

நான்கு. இது மிக முக்கியம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போடுகின்ற விண்ணப்பம் மட்டும் ஓவியப் படிப்புக்குப் போதாது. இந்தப் படிப்புகளுக்குத் தனியாகச் செயன்முறைப் பரீட்சை உண்டு. அந்தந்தப் பல்கலைக்கழகம் அறிவித்தல் விட்டு விண்ணப்பம் கேட்கும். அதற்கும் திகதிக்குள் விண்ணப்பித்துப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இந்த அறிவித்தலைக் கவனிக்காமல் விட்டால், எவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்தாலும் அந்த வருடம் வாய்ப்புப் போய்விடும். நிபந்தனைகள் வருடத்துக்கு வருடம் மாறக் கூடும் என்பதால், அந்தந்த ஆண்டுக்குரிய அனுமதிக் கைநூலைத்தான் நம்ப வேண்டும். போன வருடம் அண்ணன் சொன்னதை நம்பக் கூடாது.

நாலு வருஷம் என்ன படிப்பார்கள்?

"படம் வரையத் தெரிஞ்ச பிள்ளைக்கு நாலு வருஷம் என்னாத்தைச் சொல்லிக் குடுக்கப் போறாங்க?" என்று ஒரு கங்காணி ஐயா நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கொழுந்து பறிக்கத் தெரிந்தவருக்கும் கவ்வாத்துப் பழக வேண்டியிருக்கின்றதல்லவா? அது போலத்தான்.

முதலில் பார்க்கப் பழக்குவார்கள். நாம் எல்லோரும் பார்க்கின்றோம், ஆனால் தெரிந்ததைத்தான் வரைகின்றோம். கொழுந்துக் கூடையை வரையச் சொன்னால் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியை நேர்கோடாக இழுத்து விடுவோம். கூடையை எதிரே வைத்து உற்றுப் பார்த்தால், வாய் நீள்வட்டமாகத்தான் தெரியும். அடியும் அதே மாதிரி வளைந்துதான் தெரியும். கூடையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் வாய் ஒடுங்கிக் கோடாகி விடும். லயத்து ஓரத்தில் நின்று பார்த்தால், பன்னிரண்டாவது காம்பராவின் கதவு முதலாம் காம்பராக் கதவை விடச் சிறிதாகத் தெரிகின்றது. கதவுகளின் உயரம் ஒன்றுதான், தூரம்தான் அதைச் சிறிதாக்குகின்றது. தேயிலை நிரைகள் மலைச்சரிவோடு வளைந்து போவதையும், பனி மூடும்போது எட்ட உள்ள மலை வெளிறிப் போவதையும் நாம் தினமும் காண்கின்றோம். இவற்றைக் கண்ணால் அளந்து தாளில் வைக்கப் பழகுவதுதான் முதற் பாடம். பென்சிலும் கரியும் கொண்டு, ஆயிரம் தாள் கீறித்தான் கை படியும்.

அடுத்தது வெளிச்சமும் நிழலும். பிறகு மனித உருவம், நிறம், நீர்வர்ணம், எண்ணெய் வர்ணம். களிமண்ணில் உருவம் பிடித்தல், மரத்திலும் லினோவிலும் செதுக்கி மை தடவி அச்செடுத்தல் ஆகியவையும் வரும். இவற்றோடு கலை வரலாறு உண்டு. சிகிரியாச் சுவரோவியம், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம், ஐரோப்பிய ஓவியர்கள், நம் காலத்துக் கலைஞர்கள் என எல்லாம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். ஆகவே வாசிப்பும் எழுத்தும் வராத பிள்ளைக்கு இந்தப் படிப்புச் சிரமம்தான்.

இன்னொன்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளையின் படத்தைச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் சக மாணவரும் குறை நிறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஊரில் "அச்சா அச்சா" என்று பாராட்டு வாங்கியே பழகிய பிள்ளைக்கு முதல் வருடம் அது வலிக்கும். "எனக்கு வராது, வீட்டுக்கு வாறேன்" என்று போன் பண்ணும். அந்த நேரம் "சரி வந்துரு" என்று சொல்லி விடாதீர்கள். அது பழக்குகின்ற முறைதான். கடைசி வருடத்தில் தன் சொந்தப் படைப்புகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு இந்தக் காய்ச்சல்தான் பலம் கொடுக்கும்.

படித்தவர்கள் என்ன செய்தார்கள்?

யாழ்ப்பாணத்தில் மாற்கு மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். 1933 இல் பிறந்து 2000 இல் காலமானார். சித்திர ஆசிரியர். போர்க் காலத்திலும் தம்மிடம் வந்த பிள்ளைகளுக்கு ஓவியம் பழக்கினார். அவரிடம் பழகியவர்களில் ஒருவரான வாசுகி மட்டக்களப்பில் பெண்களோடும் சிறுவரோடும் பணி செய்த ஓவியர். இன்னொருவரான சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஆசிரியரானார். சனாதனன் 2011 இல் ஒரு நூல் வெளியிட்டார். இடம்பெயர்ந்த மக்களிடம் போய், விட்டு வந்த வீட்டை நினைவில் இருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். படம் வரையத் தெரியாதவர்களும் கிணறு இங்கே, மாமரம் அங்கே, சாமியறை இந்தப் பக்கம் என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோடுகளும், அவற்றைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடங்களும், சனாதனனின் ஓவியங்களும் சேர்ந்ததுதான் அந்த நூல். அதன் பெயரின் பொருள் 'முற்றுப்பெறாத தோம்பு' என்பது. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. உறுதி தொலைந்தவர்களுக்கு அந்தப் படமே உறுதி போல ஆயிற்று.

மூதூர் மக்களுக்கு இதன் அருமை நன்றாக விளங்கும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 இல் சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியது. பக்கத்திலுள்ள சம்பூர் மக்கள் சொந்தக் காணிக்குத் திரும்ப 2015 வரை காத்திருந்தார்கள். லயத்துக் காம்பராவுக்கு உறுதியே இல்லாமல் தலைமுறைகளாக வாழ்கின்ற நமக்கும் விளங்கும்.

மட்டக்களப்பில் 1996 இல் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கப்பட்டது. போல் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து தொடங்கியது. போரில் பயந்து பேச்சடங்கிப் போன தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, வரையவும் களிமண் பிசையவும் கதை சொல்லவும் விட்டார்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை கையால் சொல்லும் என்பதுதான் அங்கே நடந்த வேலை.

நம்முடைய மலையகத்திலிருந்தும் ஆள் உண்டு. ஹனுஷா சோமசுந்தரம் மலையகத்துப் பெண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தார். தேயிலைப் பைகளையும் தேத்தண்ணி வடிகளையும் எடுத்து, அவற்றிலேயே தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் படைப்பாக்கிக் கொழும்புக் கண்காட்சிகளில் வைத்தவர். தேத்தண்ணி குடித்து விட்டு நாம் எறிகின்ற பைதான் அவருடைய தாள். விளம்பரத்துச் சிரித்த முகத்துக்கு நம் பக்கத்திலிருந்து போன பதில் அது.

செலவு எவ்வளவு?

1945 இல் கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வியால், அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. விடுதிக்குச் சிறு தொகை கட்ட வேண்டும். 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் உண்டு. அது கிடைக்காத பிள்ளைகளுக்கு வருமானத்தைப் பார்த்துப் பர்சரி கொடுப்பார்கள். இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது வருமானச் சான்று கேட்பார்கள். சம்பளத் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். கிராம சேவகரின் சான்றுக்கும் முன்கூட்டியே அலைய வேண்டும்.

ஓவியப் படிப்பில் மறைந்திருக்கின்ற செலவு தாளும் வர்ணமும். எண்ணெய் வர்ணம், தூரிகை, கன்வஸ் எல்லாம் இன்றைய விலைக்குச் சுமைதான். அதை மூடி மறைக்க மாட்டோம். ஆனால் பழகுகின்ற காலத்தில் செலவைக் குறைக்க வழி உண்டு. பழைய கலண்டரின் பின்பக்கம் நல்ல தாள். விரல் பருமனுக்கும் குறைந்த காய்ந்த குச்சிகளை மூடியுள்ள தகர டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் சின்னத் துளை போட்டு அடுப்புத் தணலில் வையுங்கள். துளையால் புகை வருவது நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகு திறந்தால் வரைவதற்குக் கரி தயார். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எரிந்து சாம்பலாகி விடும். இதைப் பெரியவர்கள்தான் செய்து கொடுக்க வேண்டும். கடும் சாயத் தேத்தண்ணியைத் தூரிகையால் தொட்டுப் பூசினால் அழகான மண்ணிறம் கிடைக்கும். காய்ந்த பின் மேலே மேலே பூசினால் நிழலும் பிடிக்கலாம்.

முடித்தால் வேலை?

உண்மையைச் சொல்வோம். பட்டம் எடுத்த மறுநாள் அரசாங்க வேலை என்று யாரும் உறுதி தர முடியாது. கலைப் பட்டதாரிகள் நியமனத்துக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருந்து, வீதியில் இறங்கிக் கேட்டதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆயினும் வழிகள் உண்டு. சித்திர ஆசிரியர் வேலை முதலாவது. தோட்டப் பாடசாலைகளில் அழகியல் ஆசிரியர் பற்றாக்குறை நமக்கே தெரியும். நம் பிள்ளையே திரும்பி வந்து கற்பித்தால் அடுத்த பத்துப் பிள்ளைக்குக் கதவு திறக்கும். பத்திரிகை, புத்தக அச்சகம், விளம்பர நிறுவனம், துணி வடிவமைப்பு, மேடை, தொலைக்காட்சி, கணினி வரைகலை ஆகியவற்றிலும் கை படிந்தவருக்கு வேலை உண்டு. கணினியும் ஆங்கிலமும் கூடவே பழகினால் வாய்ப்பு இரட்டிப்பாகும்.

இசட் புள்ளி போதாமல் போனாலும் பாதை முடிந்து விடவில்லை. தேசிய கல்விக் கல்லூரிகள் மூலம் ஆசிரியராகலாம். பத்தனையில் இருக்கின்ற ஸ்ரீபாத தேசிய கல்விக் கல்லூரி மலையகத்துக்கென்றே அமைந்தது. எந்த வருடம் எந்தப் பாடநெறிக்கு ஆட்சேர்ப்பு என்பதை வர்த்தமானி அறிவித்தலில் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தை

பெண் பிள்ளையைத் தூர இடத்துக்கு அனுப்பப் பயம் இருக்கும். அது இயல்பு. முதல் நாள் அம்மாவோ அப்பாவோ கூடப் போய், விடுதியையும் விடுதிப் பொறுப்பாளரையும் கண்டு பேசி விட்டு வாருங்கள். அதே ஊரில் படிக்கின்ற மலையக மாணவர்களின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். முதல் வருடப் பிள்ளைகளைப் பகிடிவதை செய்வது 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிள்ளை வாய் திறந்து சொல்லும்படி பழக்கி வையுங்கள்.

படம் வரைகின்ற பிள்ளை எல்லாம் ஓவியராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆசை உள்ள பிள்ளை தினம் அரை மணித்தியாலம், கண்ணால் பார்த்த ஒரு பொருளை ஒரு வருடம் விடாமல் வரையட்டும். ஒவ்வொரு படத்திலும் திகதி போட்டுச் சேர்த்து வைக்கட்டும். வருடம் முடிய முதற் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை வளர்ந்திருந்தால் பிள்ளைக்குப் பொறுமை இருக்கின்றது என்று அர்த்தம். திறமையை விட இந்தப் படிப்புக்கு வேண்டியது அதுதான்.

இப்படியான பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்ய முன்பே தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வந்து சொல்லுங்கள். வரும்போது பிள்ளை வரைந்த படங்களையும் கையோடு கொண்டு வாருங்கள். கைநூலைப் பார்த்து, விண்ணப்பத் திகதிகளைக் குறித்துத் தந்து, கடிதம் எழுதவும் உதவுவோம். சுவரில் வரைந்ததற்காகப் பிள்ளையை அடிக்க முன், ஒரு தாளைக் கையில் கொடுங்கள்.